சுண்ணாம்பு என்று பில், சுவரில் சிமெண்ட்: பழைய தேவாலயத்தைப் புதுப்பிக்கும் குழுக்கள் கவனிக்க

சிங்கப்பூரில் எங்கள் குழுவின் பழைய தேவாலயத்தைச் சமூகக் கூடமாக்க வேலை எடுத்த குத்தகையாளர் ஒருவர், விலைப்பட்டியலில் "சுண்ணாம்புக் காரை" என்று எழுதிவிட்டுச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார். பெயர் வேண்டாம், செய்த வேலையைச் சொன்னாலே போதும்.

ஒப்பந்தப்படி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுக்க வேண்டும். தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓதத்தடுப்பு மருந்தைச் செங்கல் சுவருக்குள் செலுத்தி, சுவரை உலரவிட்டு, மூன்று கோட் சுண்ணாம்பு பூச வேண்டும். ஆனால் மருந்து ஏற்றிய மறுவாரமே பூச்சு முடிந்துவிட்டது, அதுவும் ஒரே தடவையாக 25 மில்லிமீட்டர் கனத்துக்கு. மேலே அக்ரிலிக் பெயிண்ட். ஒப்படைத்த நாளில் சுவர் பளிச்சென்றுதான் இருந்தது.

நான்காம் மாதம், சிமெண்ட் முடிந்து பழைய காரை தொடங்கும் கோட்டில் பெயிண்ட் கொப்புளம் போட்டது. நகத்தால் கீறினால் உள்ளே பஞ்சு போல வெள்ளை உப்பு. கூடவே பழைய காரையும் மாவாகக் கொட்டியது.

காரணம் எளிது. தரை ஈரத்தைச் செங்கல் உறிஞ்சுகிறது; சுண்ணாம்புக் காரை அதை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்டும் அக்ரிலிக்கும் வழியை அடைத்துவிட்டால் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். உலரும் இடத்தில் உப்பு படிகமாகிக் காரையைப் பிளக்கும். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். நம் ஊரிலிருந்து வந்த கைவேலையை இன்று நம்மிடமே சிமெண்டாக விற்கிறார்கள்.

உலர்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். இங்குள்ள காற்று ஈரத்தில் இன்னும் கூடலாம். "இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஈரமானியைக் காட்டி மயக்குவதும் உண்டு. ஊசி குத்திப் பார்க்கும் கருவி மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பேறிய சுவர் ஓரளவு காய்ந்த பிறகும் எண் உயர்ந்தே நிற்கும். அந்த எண்ணைக் காட்டித்தான் நான்கு சுவருக்கும் மருந்து விற்கப்பட்டது. வடக்குச் சுவரின் நிஜச் சிக்கல், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயும் உள்தரையைவிட 150 மில்லிமீட்டர் உயர்த்திப் போட்ட வெளி நடைபாதையும்! முதலில் அவற்றைச் சரிசெய்யாமல் மருந்து ஏற்றுவது காசைக் கரைப்பதுதான்.

பணம் கொடுக்கும் முன் பூச்சை ஸ்க்ரூடிரைவரால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பு தூளாகக் கொட்டும், சிமெண்ட் கறகறவென்று எதிர்க்கும். பெயிண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் சுவர் மூச்சுவிடாமல் இருக்கலாம், விசாரியுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், வெள்ளை சிமெண்டும் சுண்ணாம்பு போலவே தெரியும். தளத்தில் கிடக்கும் காலி மூட்டைகளையும் படமெடுத்து வையுங்கள். எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்த ஆதாரம் அதுதான். தவறாகப் பூசியதைப் பிறகு பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

"பெயிண்ட்தானே, அனுமதி எதற்கு" என்பார்கள். தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமென்றால் தேசிய மரபுடைமைக் கழகத்தை முதலில் கேளுங்கள், பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையமான யூ.ஆர்.ஏ.வை.

குத்தகையாளரிடமிருந்து கட்டணக் கோரிக்கை வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டுமானப் பணிகளுக்கான கட்டணப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் கெடு அதிகபட்சம் 21 நாள்; ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் 14 நாள். பணத்தை நிறுத்திவைப்பதற்கான காரணங்களையெல்லாம் அதிலேயே எழுதிவிட வேண்டும், பிறகு தீர்ப்பாளர் முன் புதுக் காரணம் பொதுவாகச் செல்லாது. கொப்புளப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் குறைசொன்னதையே பதில் என்று நினைத்திருந்தோம். 21ஆம் நாளும் கடந்துவிட்டது.