புதிய கணினியில் விண்டோஸ் ஏறவில்லையா? கடைக்காரரின் விளக்கத்தை நம்புவதற்கு முன் ரேமையும் எஸ்எஸ்டியையும் சோதியுங்கள்

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் விண்டோஸ் பாதியிலேயே நின்றுபோவதாகச் சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் "சாஃப்ட்வேர் பிராப்ளம் சார்" என்பதுதான். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, அவர்கள் போட்டுக்கொடுக்கும் விண்டோஸுடன் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில் புதியவை என்று எனக்கு விற்கப்பட்ட இரண்டு ரேம்களில் (கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) ஒன்று பழுதானது. கோப்புகளை நிரந்தரமாகச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ வேறு யாரோ ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியது. அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் புகார் ஒரு கடையைப் பற்றியது மட்டுமே.

வேலூரில் கணக்கு எழுதும் தொழில் செய்யும் எனக்கு டாலியும் எக்செலும் தடையின்றி ஓடினால் போதும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததாலும், என் பழைய கணினியின் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லாததாலும் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 3200 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி என்று கொட்டேஷன் வாங்கி, 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் முழுத் தொகையையும் செலுத்தினேன். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதித் தரும்படி கேட்டபோது, "அசெம்பிள்டு சிபியு – 1" என்ற ஒற்றை வரியோடு பில்லை நீட்டிவிட்டு, சீரியல் எண்கள் வாட்ஸாப்பில் வரும் என்றார்கள். வந்தவை மதர்போர்டு, பிராசசர் ஆகிய இரண்டின் எண்கள் மட்டுமே. ரேம், எஸ்எஸ்டி பெட்டிகளைக் கேட்டதற்கு, "பெட்டி எதுக்கு சார், வாரண்டி எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம்" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

என்னிடம் முறையான விண்டோஸ் 11 உரிமம் இருந்ததால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் கருவியைக் கொண்டு பென்டிரைவ் தயாரித்து வீட்டிலேயே நிறுவத் தொடங்கினேன். முதலில் வந்தது, இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது என்ற அறிவிப்பு. அது பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், விண்டோஸ் 11 கேட்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருந்ததால் வந்தது. அதை இயக்கியதும் மறைந்துவிட்டது. இத்தகைய தடைகளுக்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பழைய வட்டில் எம்பிஆர் என்ற பழைய வகைப் பகுப்பு இருந்தால் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் நிறுவ முடியாமல் போவதும், 11-ஆம் தலைமுறை முதலான சில இன்டெல் கணினிகளில் விஎம்டி என்ற வட்டு மேலாண்மை வசதி இயங்கிக்கொண்டிருப்பதால் எஸ்எஸ்டியே கண்ணில் படாமல் போவதும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். இவை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு வரும். காரணத்தைச் சரிசெய்தால் போய்விடும்.

அடுத்து வந்தவை அப்படிப்பட்டவை அல்ல. கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் ஒருமுறை தொடக்கத்திலேயே நின்றது, மறுமுறை முக்கால்வாசி கடந்து நின்றது. ஒருமுறை 8007025டி என்ற பிழை எண் வந்தது, இன்னொருமுறை 80070570 வந்தது, பிறகு "மெமரி மேனேஜ்மென்ட்" என்ற நீலத்திரையும் வந்தது. பென்டிரைவை மாற்றினேன், கணினியின் பின்புறமுள்ள யுஎஸ்பி துளைக்கு மாற்றினேன், எஸ்எஸ்டியின் பகுப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டுத் தொடங்கினேன். பயன் இல்லை.

இந்தப் பிழை எண்கள் எதைச் சொல்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் கடைக்காரரின் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. பென்டிரைவில் இருக்கும் விண்டோஸ் கோப்புகள் சுருக்கப்பட்டவை. நிறுவும் நிரல் அவற்றை ரேமில் வைத்து விரித்த பிறகே எஸ்எஸ்டியில் எழுதுகிறது. 8007025டி என்பது விரிக்கவேண்டிய தரவு சிதைந்திருக்கிறது என்பதையும், 80070570 என்பது கோப்பு பழுதாகிப் படிக்க முடியாமல் இருக்கிறது என்பதையும் குறிப்பவை. பென்டிரைவில் உள்ள மூலக்கோப்பே கெட்டிருந்தாலும் இதே எண்கள் வரலாம் என்பதால்தான் "உங்க பென்டிரைவ் சரியில்ல சார்" என்று சொல்லித் தப்பிக்க முடிகிறது. ஆனால் மூலக்கோப்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கும். தடுக்கும் இடமும் பிழை எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால், நல்ல கோப்பு ரேமுக்குள் போன பிறகு கெடுகிறது என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

கணினியைக் கடைக்கு எடுத்துச் சென்று இதையெல்லாம் சொன்னேன். எந்தச் சோதனையும் செய்யாமல் உள்ளே கொண்டுபோய்ச் சிறிது நேரத்தில் விண்டோஸ் ஓடும் நிலையில் திருப்பிக் கொடுத்தார்கள். "வழக்கமா இதுக்கு 500 ரூபாய் வாங்குவோம், உங்களுக்கு வேண்டாம்" என்ற பெருந்தன்மை வேறு! அவர்கள் செய்தது நிறுவல் அல்ல, ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த ஒரு நகலை எஸ்எஸ்டியில் கொட்டியிருந்தார்கள். நான் கேட்காத ஆஃபிஸும் போட்டோஷாப்பும் அதில் இருந்தன, விண்டோஸின் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருந்தது, உரிம விவரத்தைப் பார்த்தால் பெருநிறுவனங்களுக்கான கேஎம்எஸ் வகை என்று காட்டியது. கேஎம்எஸ் உரிமம் 180 நாட்களுக்குள் நிறுவனத்தின் சர்வரிடம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. தனிநபர் வாங்கும் கணினியில் அது இருக்கவே நியாயமில்லை. வாடிக்கையாளர்களின் வங்கிக் கடவுச்சொற்களும் ஜிஎஸ்டி கணக்குகளும் புழங்கும் கணினியில் முகம் தெரியாத ஒருவர் திருத்திய விண்டோஸை வைத்துக்கொள்வது எப்படிப்பட்ட ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதைவிடக் கவலைக்குரியது, அந்த நகல் பழுதை மறைத்துவிடுகிறது என்பதுதான். ரேமில் பழுதான பகுதியைத் தொடாதவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். டெஸ்க்டாப் வரும், பாட்டு ஓடும், கடைக்காரர் சிரித்துக்கொண்டே வழியனுப்புவார். பிறகு ஒருநாள் பேக்கப் கோப்பு திறக்காது, அல்லது லெட்ஜரில் ஓர் எண் சத்தமில்லாமல் மாறியிருக்கும். சாதாரண ரேமுக்குத் தன்னிடம் உள்ள தரவு மாறிவிட்டதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு கிடையாது. நிறுவும் நிரலாவது பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. டாலி அப்படி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த வகையில், விண்டோஸ் ஏறாமல் நின்றது எனக்கு நல்லதாகத்தான் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். சிவப்பு வரிகள் குவிந்தன. ரேமை 3200 வேகத்துக்கு உயர்த்தும் எக்ஸ்எம்பி அமைப்பு காரணமாக இருக்குமோ என்று அதை அணைத்துவிட்டுச் சோதித்தபோதும் பிழைகள் நிற்கவில்லை. ரேம்களைத் தனித்தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தால் ஒன்று சுத்தமாகத் தேறியது, மற்றது தோற்றது. தோற்றதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் பிழை அதனுடனேயே சென்றது. ஆகவே மதர்போர்டில் குறை இல்லை. தோற்ற ரேமின் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் ஓரம் தெரிந்தது. மேலிருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் கொடுத்தால், அப்படியோர் எண்ணே இல்லை என்று வந்தது. நல்ல ரேமை மட்டும் வைத்து, அதே பென்டிரைவிலிருந்து, அதே எஸ்எஸ்டியில் நிறுவினேன். விண்டோஸ் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது.

பிறகு எஸ்எஸ்டியை, வட்டின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் பார்த்தேன். புதிய எஸ்எஸ்டி என்றால் அது இயங்கிய நேரம் சில மணிகளுக்குள் இருக்க வேண்டும். இது 7,400 மணி நேரத்துக்கு மேல் இயங்கியிருந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று கொண்டாலும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டும். எழுதப்பட்ட மொத்தத் தரவு 38 டிபி (டெராபைட்) என்று காட்டியது. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்ட கணினியில் இருந்ததாகத்தான் இருக்கும்.

திரையின் படங்களோடு போய் நின்றபோது ரேம் விஷயத்தில் "பிராண்ட் சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்றார்கள். எஸ்எஸ்டி விஷயத்தில் "நல்லாத்தானே ஓடுது சார்" என்றார்கள். இறுதியில் பில்லின் அடியில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(47) இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. எனவே வாங்கிய 30 நாட்களுக்குள் குறையை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாய்ப்பேச்சில் நாட்களைக் கடத்தவிடாதீர்கள்.

வாங்கும் இடத்திலேயே செய்யக்கூடியவையும் உண்டு. ரேம், எஸ்எஸ்டி பெட்டிகளை உங்கள் கண்ணெதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், பெட்டிகளை எடுத்து வந்துவிடுங்கள். பாகம் வாரியாகச் சீரியல் எண் எழுதாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். பிராசசர் டிரே வகையா (சில்லறைப் பெட்டி இல்லாமல் தனியாக வருவது), பெட்டி வகையா என்பதையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் டிரே வகைக்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. மெம்டெஸ்ட் இருக்கும் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். கூட்டமான நேரத்தில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

என் புகாரைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பின்னரே கடையிலிருந்து அழைப்பு வந்தது. ரேமை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இந்த முறை பெட்டியோடும் சீரியல் எண்ணோடும். எஸ்எஸ்டிக்கோ, கூடுதல் தொகை கொடுத்தால் புதியது தருவதாகச் சொல்கிறார்கள், அதாவது ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை பணம்! அதை மறுத்துவிட்டேன். வாங்கியது சென்னையில் என்றாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எஸ்எஸ்டியின் பணத்தோடு மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கோரி வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.