கண்ணில் கறுப்புப் புள்ளியா? கண்ணாடிக் கடையில் சொட்டுமருந்து வாங்காதீர்கள்

கல்முனைப் பக்கம் ‘இலவசக் கண் பரிசோதனை’ என்று பதாகை கட்டிய ஒரு கண்ணாடிக் கடையில் என் அண்ணனுக்கு நடந்தது இது. கடையின் பெயர் வேண்டாம். இப்படிக் கடைகள் நம் பக்கம் நிறைய உண்டு.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, தடித்த கண்ணாடி. ஒரு பின்னேரம் திடீரென்று வலது கண்ணில் மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள். லைட்டை அணைத்தால் ஓரத்தில் மின்னல் வெட்டும். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. கடையில் மெஷினில் நாடியை வைக்கச் சொல்லி பவர் பார்த்தார்கள், அவ்வளவுதான். “நரம்புத் தளர்ச்சி சேர், இந்தச் சொட்டைப் போட்டால் புள்ளி கரைந்துவிடும்” என்று சொல்லி, சொட்டுமருந்து, விற்றமின் குளிசை, புதுக் கண்ணாடி எல்லாவற்றையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

புள்ளியைக் கரைக்கும் சொட்டுமருந்து என்று ஒன்று கிடையாது. கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயது போகப்போக இளகிச் சுருங்கும். அதில் திரளும் நார்களின் நிழல்தான் புள்ளியாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கூழ் பிரியும்போது, கண்ணின் பின்பக்கம் ஒளியை வாங்கும் விழித்திரையைப் பிடித்து இழுத்தால் மின்னல் தெரியும், சிலருக்கு விழித்திரை கிழியும். கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் லேசரால் அடைத்துவிடலாம். விட்டால் உள்ளே நீர் புகுந்து விழித்திரையே கழன்றுவிடும்.

அண்ணனுக்கு அதுதான் நடந்தது. சொட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார், ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை மூடிக்கொண்டு வந்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள். கொழும்பில் ஒப்பரேஷன் ஆனது. பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

பில்லைக் கொண்டுபோய்க் கேட்டபோது கடைக்காரர், “அது கண்ணாடிக்கான பில், பரிசோதனை இலவசம்தானே” என்றார். நல்ல நியாயம்!

வருடக்கணக்காக ஒன்றிரண்டு புள்ளி மிதந்தால், ஆறுதலாகக் காட்டலாம். திடீரென்று கூடினாலோ, மின்னலோ கறுப்புத் திரையோ தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு உள்ளே இரத்தம் கசிந்தும் இப்படி வரும். கண்புரை ஒப்பரேஷன் செய்தவர்கள், கண்ணில் பந்து பட்டவர்களும் கவனம். கண்மணியை விரிக்காமல் “ஒன்றுமில்லை” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கும், அதனால் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.