ஆரம்பாக்கத்துக்கு இப்புறமும் அப்புறமும்: தமிழ்நாடும் ஆந்திரமும் தரும் தொழிற்சலுகைகள்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்து வரும் தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. அதன் அருகில்தான் 2008ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. எல்லைக்கு இருபுறமும் உள்ள ஆலைகள் பெரும்பாலும் சென்னை, எண்ணூர் வட்டாரத் துறைமுகங்களையே நம்பியிருக்கின்றன. ஸ்ரீசிட்டியின் அதிகாரிகளிலும் பொறியாளர்களிலும் பலர் சென்னையில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் போய்வருகிறார்கள். சென்னை மெட்ரோவில் ஓடும் பெட்டிகளில் பெரும்பகுதி ஸ்ரீசிட்டியில் உள்ள ஆல்ஸ்டாம் ஆலையில்தான் செய்யப்பட்டது. துறைமுகமும் சந்தையும் ஒன்றாகவே இருப்பதால், மாநிலச் சலுகைகளின் உண்மையான மதிப்பை எடைபோட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் இல்லை என்று நான் கருதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரக் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஒரு நடுத்தர நிறுவனம் புதிய ஆலை கட்ட இடம் தேடுகிறது. அதன் ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய் என்றும், சரக்குக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றும் கொள்வோம். எல்லைக்கு எந்தப் பக்கம் போவது அதற்கு நல்லது?

முதலீட்டாளர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்குறுதி, "மாநில ஜிஎஸ்டி முழுவதையும் திருப்பித் தருகிறோம்" என்பது. இதன் பொருள் 2017 ஜூலை 1க்குப் பிறகு அடியோடு மாறிவிட்டது. அதற்கு முன்பு, வெளிமாநிலத்துக்கு விற்றாலும் 2 விழுக்காடு மத்திய விற்பனை வரி சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கே கிடைத்தது. ஆகவே உற்பத்தி செய்யும் மாநிலத்திடம் விட்டுக்கொடுக்க ஏதோ ஒரு தொகை இருந்தது. ஜிஎஸ்டி நுகர்வு நடக்கும் இடத்தில் சேரும் வரி. மாநிலம் கடந்து விற்கும்போது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. அதில் மாநிலப் பங்கு சரக்கைப் பெறும் மாநிலத்துக்குப் போகிறது. ஏற்றுமதிக்கோ வரியே இல்லை.

நமது உதிரிபாக நிறுவனம் ஸ்ரீசிட்டியில் அமைந்து 100 கோடிச் சரக்கையும் ஸ்ரீபெரும்புதூருக்கே அனுப்பினால், அது செலுத்துவது முழுவதும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. ஆந்திரத்துக்கென்று செலுத்தப்படும் மாநில ஜிஎஸ்டி எதுவுமே இல்லாதபோது, அதை நூறு விழுக்காடு திருப்பித் தந்தாலும் கையில் வருவது ஒன்றுமில்லை. அதே நிறுவனம் ஆரம்பாக்கத்துக்கு இப்புறம் இருந்தால், உள்மாநில விற்பனையில் ஜிஎஸ்டி மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சரிபாதியாகப் பிரிவதால், மாநில ஜிஎஸ்டி 9 கோடி வரும். மூலப்பொருளில் 60 கோடியை உள்மாநிலத்திலேயே வாங்கியிருந்தால் 5.4 கோடி உள்ளீட்டு வரவாக, அதாவது வாங்கும்போதே கட்டிவிட்ட வரியாகக் கழிந்து, ரொக்கமாகக் கட்டுவது 3.6 கோடி ஆகும். திரும்பக் கேட்பதற்கு இங்கே ஒரு தொகையாவது இருக்கிறது. தடாவுக்கு அப்பால் போனால் சலுகை கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடும் சிறு தொழில்முனைவோர் பலர் இந்த ஓர் இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அரசின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். உதிரிபாக நிறுவனம் கட்டிய வரியைக் கார் ஆலை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு, காரை உத்தரப் பிரதேசத்துக்கு விற்கும்போது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டிக்கு ஈடாகச் செலுத்துகிறது. அந்த அளவுக்குத் தமிழ்நாடு தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆகவே அத்தகைய வரியை நிறுவனத்துக்கும் திருப்பித் தரும் மாநிலம், தன்னிடம் தங்காத பணத்தைத் தன் கருவூலத்திலிருந்து தருகிறது. இதை உணர்ந்தே தமிழ்நாட்டின் 2021 தொழிற்கொள்கை, மாநில ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவதை மட்டும் ஒரே வழியாக வைக்காமல், விற்றுமுதல் அடிப்படையிலான மானியத்தையும் மூலதன மானியத்தையும் மாற்று வழிகளாக வைத்து, பெரிய நிறுவனங்கள் தமக்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு மூலதன மானியமே சரி. கர்நாடகத்தின் 2025–30 கொள்கையும் மூலதன மானியமா, உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகையா என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

நிலத்தில் ஆந்திரத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2025இல் விசாகப்பட்டினத்தில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கு 21.16 ஏக்கர் நிலத்தை 99 பைசா என்னும் பெயரளவு விலைக்கு ஒதுக்க ஆந்திர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அங்கே தரவு மையம் அமைக்க ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலிடப்போவதாகக் கூகுள் அறிவித்தது. 2024–29 காலத்துக்கான அந்த மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக் கொள்கை, முந்திக்கொண்டு வரும் முதலீட்டாளர்களுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. 2014இல் ஐதராபாத்தை இழந்த மாநிலம், பெயர் பெற்ற நிறுவனங்களை எப்பாடுபட்டேனும் கொண்டுவர முனைவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 99 பைசா விலை பெரும்புள்ளிகளுக்கானது. நமது உதிரிபாக நிறுவனத்துக்கு அந்த விலையில் நிலம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் நிலம் தருவது 1971இல் தொடங்கப்பட்ட, தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட். பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. சென்னையைச் சுற்றியுள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களை அரசு 'ஏ' பிரிவில் வைத்துச் சலுகையைக் குறைத்திருக்கிறது. தென்மாவட்டங்கள் 'சி' பிரிவில் வருகின்றன, அங்கே சிப்காட் நிலம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே ஆந்திரத்தோடு மட்டுமல்ல, தூத்துக்குடியோடும் கும்மிடிப்பூண்டியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டபின், தெற்கே போகும் உதிரிபாக நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வாடிக்கையாளர் வாய்ப்பும் ஏற்பட்டிருக்கிறது. எனினும் வாடிக்கையாளர்கள் ஒரகடத்தில் இருக்கும்வரை, அறுநூறு கிலோமீட்டர் லாரி வாடகை நிலத்தின் பாதி விலையை விரைவில் தின்றுவிடும்.

சிறிய நிறுவனங்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வராத இவைதான் அதிகக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. முதலீடு 50 கோடிக்குக் கீழே இருந்தால் 2021 தொழிற்கொள்கையின் சலுகைத் தொகுப்பு பொருந்தாது. மாவட்டத் தொழில் மையத்தைத்தான் அணுக வேண்டும். பின்தங்கிய வட்டாரங்களில் தொடங்கும் தொழில்களுக்கும் குறிப்பிட்ட சில வகைத் தொழில்களுக்கும் இயந்திர மதிப்பில் 25 விழுக்காடு, 1.5 கோடி ரூபாய் உச்சவரம்போடு, மானியமாகக் கிடைக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 25 விழுக்காடு மானியம் 75 லட்சம் வரை உண்டு. வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. கடனுக்குச் சொத்து ஈடு காட்ட முடியாமல் வங்கி வாசலில் திரும்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பதை அந்த நிலையில் நின்றவர்களே அறிவர். இவற்றோடு 1949 முதல் கடன் தந்துவரும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் இருக்கிறது. நமது நிறுவனத்தைப் போன்றவை தமிழ்நாட்டுப் பக்கமே நிற்பதற்கு, இந்தத் திட்டங்களும் வாடிக்கையாளரின் அருகாமையும் சேர்ந்து போதிய காரணம் என்பது என் முடிவு.

அனுமதி பெறும் வேகத்தில் இரண்டு மாநிலங்களும் தெலங்கானாவைப் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. அந்த மாநிலம் 2014இலேயே சட்டம் இயற்றி, பெருந்திட்டங்களுக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று கெடு வைத்து, தாமதிக்கும் அதிகாரிக்கு அபராதமும் விதித்தது. ஒற்றைச் சாளர இணையதளங்கள் இப்போது எல்லா மாநிலங்களிலும் இருந்தாலும், அனுமதியைக் கேட்டுப் பெறும் உரிமையாக மாற்றுவது சட்டம்தான்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பது தனிக் கேள்வி. மானியத்தின் பெரும்பகுதி உற்பத்தி தொடங்கி, கணக்கு தணிக்கை முடிந்து, ஆண்டுதோறும் விண்ணப்பித்த பிறகே வரும். வங்கித் தவணையோ அதற்கெல்லாம் காத்திருக்காது. ஆட்சி மாறினால் கொள்கை என்னவாகும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஆந்திரத்தில் 2019இல் ஆட்சி மாறியபோது, முந்தைய அரசு செய்த காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தங்களின் விலையை மறுபரிசீலனை செய்ய முற்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் ஓர் ஆட்சி வெளியிட்ட தொழிற்கொள்கையை அடுத்து வந்த ஆட்சி தொடர்ந்து நடத்தியது. இருபது ஆண்டுக்கான ஆலையைக் கட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு சில விழுக்காடு மானியத்தைவிட மதிப்புடையது.

ஆனால் தமிழ்நாட்டுக்கும் நோக்கியா தந்த பாடம் இருக்கிறது. தாராளமான சலுகைகளோடு 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, வரி வழக்குகளுக்கு நடுவே 2014 நவம்பரில் மூடப்பட்டது. பல்லாயிரம் இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், வேலையிழந்தார்கள். சலுகையை நம்பி வந்த நிறுவனம் போய்விட்டது. சாலையும் மின்இணைப்பும் தொழில் பழகிய கைகளும் அங்கேயே தங்கின. பின்னர் சால்காம்ப் நிறுவனம் அதே வளாகத்தை வாங்கி உற்பத்தியைத் தொடங்க முடிந்ததற்கு அவைதான் அடிப்படை. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 706 கோடி ரூபாய்ச் செலவில் சிப்காட் திறந்த விடுதியையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். 99 பைசாவுக்கு நிலம் தரும் போட்டியில் இறங்குவதற்குப் பதிலாக, இத்தகைய விடுதிகளை ஓசூரிலும் செய்யாறிலும் தூத்துக்குடியிலும் கட்டுவதற்குத் தமிழ்நாடு அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.

தடாவுக்கு அப்பால் போவது யாருக்குப் பொருந்தும்? ஆந்திரக் கடைகளுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பும் நுகர்பொருள் நிறுவனங்களுக்கும், நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே துண்டாகத் தேடுகிறவர்களுக்கும் பொருந்தும். அவர்களும் கையெழுத்திடுமுன், மானியம் எந்த நாளுக்குள் தரப்படும் என்பதும், தாமதமானால் வட்டி உண்டா என்பதும் அரசாணையிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.