செரோக்கி ஃபீனிக்ஸ் "அசல் இதழ்" வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் போச்சு, உஷார்!

பழைய பத்திரிகை, வரைபடம், தபால்தலை விற்கும் ஆன்லைன் தளம் அது. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் நடத்திய பத்திரிகை செரோக்கி ஃபீனிக்ஸ்; அதன் 1832 இதழ் என்று படம் போட்டிருந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வருடம். வீடியோவில் விற்பனையாளர் தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கந்தல் துணியில் செய்த தாள், அச்சிட்ட ஊர் செரோக்கி தலைநகரான நியூ எகோட்டா, ஆங்கிலமும் செரோக்கியும் கலந்த பத்திகள், எல்லாம் சரி. "விஷயம் தெரிஞ்சவங்க கைக்குத்தான் சார் இது போகணும்" என்றார். முழுப் பணமும் முன்னாடியே கொடுத்தாச்சு. 18,500 ரூபாய்!

பார்சலில் வந்தது வேறு தாள். தேதி 1838 மே. அந்தப் பத்திரிகை 1834 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அச்சு இயந்திரத்தையும் 1835இல் ஜார்ஜியா காவல் படை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் எதில் அச்சடித்தார்களாம்? அதைவிடக் கூத்து முதல் பக்கம். செரோக்கி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து வெளியேற்றும் ஒப்பந்தத்தை எதிர்த்து, அவர்கள் தலைவர் ஜான் ராஸ் தரப்பு 15,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு கொடுத்த மனு. ஆசிரியர் என்று போட்டிருப்பது எலியாஸ் பூடினாட் பெயர்! அவர் 1832இலேயே ராஸோடு முரண்பட்டு ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியவர். 1835 டிசம்பர் 29 அன்று அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அதற்காகவே 1839இல் சொந்த மக்கள் கையால் செத்தார். அவர் பெயரில் இந்த மனுவா?

லென்ஸில் பார்த்தால் எழுத்தோரமெல்லாம் வண்ணப் புள்ளி, சாதா பிரிண்டர் வேலை. ஈய எழுத்து அழுத்திய தடம் பின்பக்கம் கைக்குத் தட்டுப்பட வேண்டும், வழவழவென்று இருக்கிறது. சீக்வோயா உருவாக்கிய செரோக்கி எழுத்து வர வேண்டிய பத்தியில் ஒரே ஆறு வரி திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது.

கேட்டால் "பழைய பேப்பர்னா அப்படித்தான் சார்." கஸ்டமர் கேரில் "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை, விற்பவரிடமே பேசுங்கள்." விற்பவர் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. படத்தில் 1832, கையில் 1838 என்று இரண்டையும் அனுப்பினால், புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். என்னத்தைத் தீர்த்தார்கள்? 18,500 ரூபாய் அங்கேயே இருக்கிறது.

வாங்குகிறவர்கள் தேதியை முதலில் பாருங்கள்: 1828 பிப்ரவரி 21க்கு முன்னும் 1834 மேக்குப் பின்னும் நியூ எகோட்டா இதழ் கிடையாது. ஜார்ஜியா டிஜிட்டல் நூலகத்தில் ஸ்கேன் இலவசம், பத்தி பத்தியாக ஒப்பிடுங்கள். சான்றிதழை நம்பாதீர்கள், எனக்கும் முத்திரையோடு ஒன்று வந்தது. பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.