பழம்பொருள் ஏலம்: நேரில் கேட்பதா, இணையத்தில் கேட்பதா?

இங்கிலாந்தின் சிறுநகர ஏலக்கூடங்களில் பழம்பொருள் வாங்க விரும்புவோருக்கு இரு வழிகள் உள்ளன.

செலவு: நேரில், 100 பவுண்டுக்கு ஏலம் முடிந்து, ஏலக்கூடம் அந்த விலைக்குமேல் கேட்கும் வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடாகவும் அக்கட்டணத்தின்மீது மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடாகவும் இருந்தால், மொத்தம் 130 பவுண்டு ஆகும்.
இணையத்தில், ஏலத்தை நடத்தித் தரும் இடைத்தளம் மேலும் 5 விழுக்காடு கேட்டால் வரியோடு 136 பவுண்டு ஆகிவிடும். அனுப்பும் செலவு தனி.

பொருளின் நிலை: நேரில், ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்க்க விடும் பார்வை நாளன்றே இழுப்பறையை உருவிப் பின்பலகையையும் மூலைப் பொருத்துகளையும் ஆராயலாம், பீங்கானை மெல்லச் சுண்டினால், விரிசல் உள்ளது பெரும்பாலும் மந்தமாக ஒலிக்கும், வெள்ளியில் அதன் தரத்தைக் காட்டும் சிங்க முத்திரை தேய்ந்திருக்கிறதா, பழுதுபார்க்கப் பற்றவைத்த தடம் உண்டா என்பதை உருப்பெருக்கியால் காணலாம்.
இணையத்தில் படங்களையும், பொருளின் குறைகளை ஏலக்கூடம் எழுதித் தரும் நிலை அறிக்கையையும் நம்ப வேண்டியதுதான். அறிக்கையை முன்கூட்டியே கேட்டுப் பெறாதவர்மீது எனக்கு இரக்கம் இல்லை.

வசதி: இதில் இணையமே மேல்.

திருப்பிக் கொடுத்தல்: பொதுமக்கள் நேரில் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு, இணையக் கொள்முதலுக்கான 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது, ஆகவே இருவருக்கும் நிலை ஏறத்தாழ ஒன்றே.

மரச்சாமான், பீங்கான், கடிகாரம் வாங்குவோர் நேரில் செல்வது நல்லது. அஞ்சலட்டை, அச்சுப்படம் போன்ற தட்டையான, எளிதில் அனுப்பக்கூடிய பொருள்களைச் சேகரிப்போருக்கு இணையமே போதும்.