ஆர்ம் செயலியில் போஸ்ட்கிரஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தின் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இன்டெல் வகைச் செயலிகள் கொண்ட எக்ஸ்86 சர்வர்களிலிருந்து 64-பிட் ஆர்ம் சர்வர்களுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வாடிக்கையாளர் பெயர்களும் முகவரிகளும் அதில் பதிவாகின்றன. செயலி மாற்றத்தைப் பற்றிய என் மதிப்பீட்டைத் தீர்மானித்தது வேகத்தைவிட இந்த மொழிக் கலவைதான்.

மூல நிரலிலிருந்து கம்பைல் செய்வது, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவது, எளிதாகவே முடிந்தது. தரவு மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் பிழையைச் சரிபார்க்கும் சிஆர்சி-32சி கணக்கீட்டுக்கு, ஆர்ம் செயலியின் தனிக் கட்டளைகளைப் போஸ்ட்கிரஸ் 11 முதலே பயன்படுத்துகிறது. இன்டெல் செயலிக்கே உரிய தலைப்புக் கோப்புகளை நேரடியாகச் சேர்த்திருந்த ஒரு பழைய நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) மட்டும் திருத்த வேண்டியிருந்தது. எக்ஸ்86 மடிக்கணினியில் கியூஎமு வழியாக ஆர்ம் செயலியைப் போலச் செய்து கம்பைல் செய்வது மிகவும் மெதுவாக இருப்பதால், உண்மையான ஆர்ம் இயந்திரம் ஒன்றை இதற்கென ஒதுக்குவதே நல்லது.

கவலைக்குரிய இடம் வேறு. சி மொழியில் 'சார்' என்னும் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ள எண்ணாகவும், ஆர்ம் லினக்ஸில் குறியற்ற எண்ணாகவும் கொள்ளப்படுகிறது. ஆகவே 127-ஐத் தாண்டிய ஒரு பைட், முதலாவதில் பூஜ்யத்துக்கும் கீழாகவும் இரண்டாவதில் அதற்கு மேலாகவும் வரிசைப்படும். பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேட உதவும் டிரைகிராம் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்), மூன்று மூன்று எழுத்துகளை இந்த வகையில் வைத்தே ஒப்பிட்டு அடுக்கியது. ஆங்கிலமும் ரூமி எனும் லத்தீன் எழுத்தில் அமைந்த மலாயும் 127-க்குள் அடங்கிவிடுவதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. தமிழும் சீனமும் அப்படியல்ல; ஒரு செயலியில் அடுக்கிய வரிசை மற்றதில் பொருந்தாது. எக்ஸ்86 சர்வரின் கோப்புகளை அப்படியே பிரதியெடுக்கும் ஆர்ம் சர்வரை நாங்கள் சோதித்தபோது, "தேக்கா" என்று தமிழில் தேடினால் சில முகவரிகள் வரவில்லை, ஆங்கிலத்தில் தேடினால் அனைத்தும் வந்தன. பிழைச் செய்தி எதுவும் எழாத இத்தகைய குறையை, ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிக்கும் குழு ஒருபோதும் காண முடியாது என்பதே என்னை மிகவும் உறுத்துகிறது.

அதனால் கோப்புப் பிரதியைக் கைவிட்டு, கோப்புகளுக்குப் பதிலாகத் தரவு மாற்றங்களை அனுப்பும், பதிப்பு 10-இல் அறிமுகமான தருக்கவழிப் பிரதியாக்கத்தைக் கொண்டு தரவை இடம் மாற்றினோம். அம்முறையில் இண்டெக்ஸ்கள் புதிய இயந்திரத்திலேயே உருவாகின்றன. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் சொற்களின் வரிசை பெருமளவு மாறியதால் எழுத்து இண்டெக்ஸ்கள் கெடும் அபாயமும் இதே வழியில் நீங்கியது. செயலியோடு இயங்குதளத்தின் பதிப்பும் சேர்ந்து மாறுவோர் இதைத் தனியே கவனிக்க வேண்டும்.

2025-இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் 18, தரவுத்தளம் உருவான இயந்திரத்தில் 'சார்' குறியுள்ளதா குறியற்றதா என்பதைத் தன் கட்டுப்பாட்டுக் கோப்பிலேயே எழுதி, டிரைகிராம் ஒப்பீட்டை அதன்படி நடத்துகிறது. பழைய பதிப்பிலிருந்து வருவோர் மேம்படுத்தும்போது அதைத் தாமே குறிப்பிடவும் வழியுண்டு. எங்கள் சோதனைத் தொகுப்பில் தமிழ், சீனப் பெயர்களின் தேடல்கள் இன்றும் இரு செயலிகளிலும் ஒவ்வொரு கம்பைலுக்குப் பின்னும் ஓடுகின்றன.