பெருச்சாளிக்கு அதிர்வுக் குச்சியா, கம்பிவலையா?

புல்வெளியைப் பெருச்சாளி தோண்டாமல் காக்கும் என்ற உறுதிமொழியுடன் இணையக் கடைகளில் விற்கப்படும், சூரிய ஒளியில் இயங்கும் அதிர்வுக் குச்சியைப் பார்ப்பதற்கு நேர்த்தியாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அது விட்டுவிட்டு ‘டிர்ர்’ என்று அதிர்ந்துகொண்டிருக்கும்போதே, ஒரு முழம் தள்ளி, ஈரம் காயாத புதுமண் குவிந்து கிடந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் மீயொலிக் கருவிகளோ இன்னும் மோசம், ஏனெனில் அவ்வொலி மண்ணை ஊடுருவிச் செல்லாது. இந்த மீயொலிக் கருவிகளைத் தயாரிப்போரும் விற்போருமாக 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை, அறிவியல் சான்றின்றி விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-இலேயே எச்சரித்திருக்கிறது.

பணத்தைச் செலவிடத் தகுந்தது, இரும்புக் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் என்ற கம்பிவலைதான். அரை அங்குலக் கண்ணுள்ள வலையை வாங்கி, புல்வெளியின் ஓரமாக இரண்டடி ஆழத்துக்கு இறக்கி, அடிப்பகுதியை வெளிப்புறமாக ‘ட’ வடிவில் மடித்துப் புதைத்தால், வெளியிலிருந்து தோண்டிவரும் பெருச்சாளி வலையில் முட்டிக் கீழே இறங்க முயன்றாலும் அந்த மடிப்பில் தடைபட்டுவிடும். ஓரங்குலக் கண் மலிவுதான் என்றாலும் அதில் சுண்டெலி தாராளமாகப் புகுந்துவிடும். வெட்டிய முனைகளில் பூச்சு போய்விடுவதால் துரு அங்கிருந்தே தொடங்கும். புதைக்குமுன் அம்முனைகளில் சிங்க் பெயின்ட் தடவுவது நல்லது. பள்ளம் தோண்டும் கூலி வலையின் விலையை மிஞ்சக்கூடும். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் பெருச்சாளியை, சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்த கூண்டால் முதலில் பிடித்துவிட வேண்டும். இல்லையெனில் அதற்கு நாமே காவல் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.